ஸ்கஃபோல்டில் கலம் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

"அக்கா, கலம் எல்லாம் செத்துப்போச்சு, புதுசா எடுக்கட்டுமா?" என்று இறுதியாண்டு ஆய்வு செய்கிற பிள்ளைகள் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கலம் போடாத ஸ்கஃபோல்ட் துண்டு (கலம் ஒட்டி வளர்வதற்கு நாம் செய்கிற நுண்துளைச் சட்டம்) ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை நிறுத்துப் பாருங்கள், வெட்டிப் பாருங்கள், ஒரு சொட்டுச் சாயம் விட்டுப் பாருங்கள். நான் பார்த்த வரை பிழை பெரும்பாலும் கலத்தில் இல்லை, கலம் போடுவதற்கு முதல் நாட்களில், உப்பு, கரைப்பான், தண்ணீர் என்ற மூன்றோடு நாம் செய்த வேலையில்தான் இருக்கிறது. மலைநாட்டில் வேலை செய்கிறவர்கள் நாலாவதாக ஈரக்காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ எழுதிய செய்முறையில் அது இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் உப்புக் கரைத்தெடுக்கும் முறைக்கு. அதாவது பி.சி.எல் அல்லது பி.எல்.ஜி.ஏ போன்ற உடலில் சிதையும் பல்பகுதியத்தைக் குளோரோபோமில் கரைத்து, சலித்த உப்போடு குழைத்து அச்சில் ஊற்றி, கரைப்பானை ஆவியாக விட்டு, பிறகு தண்ணீரில் உப்பைக் கரைத்தெடுத்து நுண்துளைகளை உண்டாக்குவது. ராபர்ட் லாங்கரும் ஜோசப் வக்கான்டியும் இழையப் பொறியியல் என்று 1993இல் எழுதிய காலத்திலேயே இந்த முறை புழக்கத்தில் இருந்தது. மலிவு, பெரிய கருவி தேவையில்லை, அதனால்தான் நம்முடைய ஆய்வுகூடங்களில் எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள்.

ஒரே இரவில் எல்லாக் கலமும் செத்துவிட்டது

புதிய கலம் எடுக்காதீர்கள். கலம் போடாத துண்டைக் கலம் வளர்க்கும் ஊடகத்தில் போட்டு 37 பாகையில் 24 மணித்தியாலம் வையுங்கள், பிறகு அந்த ஊடகத்தை மட்டும் எடுத்துச் சாதாரணத் தட்டில் நன்றாக ஒட்டி வளர்கிற கலங்களுக்கு விடுங்கள். அவையும் செத்தால் துண்டிலிருந்து ஏதோ கசிகிறது என்று அர்த்தம். அவை உயிரோடு இருந்தால் கசிவு இல்லை, கலம் ஒட்டவில்லை, இரண்டும் வேறு வேறு பிரச்சினை, கீழே "துண்டு மிதக்கிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

கசிவென்றால் முதல் சந்தேகம் உப்பு. ஒரு கணக்கைப் பாருங்கள். கரைப்பான் நீங்கலாக 500 மில்லிகிராம் கலவை ஊற்றினீர்கள், அதில் உப்பு 90 சதவீதம். உப்பு முழுக்கப் போய் நன்றாகக் காய்ந்த துண்டு 50 மில்லிகிராம் இருக்க வேண்டும். தராசு 60 காட்டினால் 10 மில்லிகிராம் உள்ளே கிடக்கிறது. சின்ன அளவுதானே என்று விட்டுவிடாதீர்கள், அந்தப் பத்தும் 1 மில்லிலீற்றர் ஊடகத்தில் கரைந்தால் அதன் சவ்வூடுபரவல் செறிவு ஏறக்குறைய 290 மில்லிஒஸ்மோலிலிருந்து 630ஐத் தாண்டிவிடும், பெரும்பாலான கலங்கள் அதில் நிலைக்காது. அதனால் ஒவ்வொரு துண்டையும் கரைப்பான் போன பிறகு, கழுவுவதற்கு முன்பும் நிறுக்க வேண்டும், கழுவிக் காய்ந்த பிறகும் நிறுக்க வேண்டும், இரண்டு எண்ணையும் குறிப்புப் புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்.

கழுவிய தண்ணீரில் உப்பு தீர்ந்ததா என்று பார்க்கச் சில்வர் நைத்திரேற்றுக் கரைசல் போதும். கடைசியாக மாற்றிய தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். குளோரைட்டு இருந்தால் சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கீழே இறங்கி, குழாயே கலங்கிவிடும். தெளிவாகவே இருந்தால் தண்ணீரில் உப்பு இல்லை. இதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் செய்ய வேண்டும், குழாய்த் தண்ணீரிலும் பி.பி.எஸ் என்ற உப்புத் தாங்கற் கரைசலிலும் குளோரைட்டு ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று, அடைபட்ட துளைக்குள் மாட்டிய உப்பு தண்ணீருக்கு வரவே வராது, சில்வர் நைத்திரேற்று தெளிவாகக் காட்டும், தராசு மட்டும் உண்மை சொல்லும். இரண்டையும் செய்யுங்கள். தண்ணீரை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றி இரண்டு நாள் வைப்பது வழக்கம், இரவில் யாரும் மாற்றுவதில்லை என்பது எனக்கும் தெரியும், அப்படியானால் மூன்றாவது நாளும் வையுங்கள்.

அடுத்தது குளோரோபோம். மருந்துப் பொருட்களில் அது எவ்வளவு மிஞ்சலாம் என்பதற்குச் சர்வதேச வரம்பு 60 பி.பி.எம் மட்டுமே, சிலர் அதற்குப் பதிலாக எடுக்கும் டைகுளோரோமெதேன் என்ற கரைப்பானுக்கு 600. மூக்கால் மணந்து பார்த்து "போயிட்டுது" என்று சொல்வது சோதனை ஆகாது. வெற்றிடத்தில் குறைந்தது இரண்டு நாளாவது வையுங்கள், தடித்த துண்டுக்கு இன்னும் கூட. அச்சையும் பாருங்கள்: பிளாஸ்டிக் பெட்ரித் தட்டில் குளோரோபோம் ஊற்றினால் தட்டே கரைந்து உங்கள் துண்டுக்குள் வந்துவிடும். கண்ணாடி அல்லது டெஃப்லான் அச்சு மட்டும்.

மூன்றாவது எதனோல். கிருமி நீக்க 70 சதவீத எதனோலில் ஊறவைத்த துண்டை இரண்டு நிமிடம் பி.பி.எஸ்ஸில் ஆட்டிவிட்டுக் கலம் போடுகிறார்கள். மேற்பரப்பில் இருந்தது போயிருக்கும், மூன்று மில்லிமீற்றர் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். மூன்று முறை மாற்றிவிட்டு, கடைசியில் சீரம் சேர்த்த ஊடகத்தில் ஓர் இரவு ஊறவிடுங்கள். எதனோலும் வெளியேறும், சீரத்தின் புரதங்களும் துளைச்சுவரில் படியும், அடுத்த நாள் கலம் ஒட்டுவது லேசாகும்.

துண்டு மிதக்கிறது, ஊடகம் உள்ளே போக மறுக்கிறது

இந்தப் பல்பகுதியங்கள் தண்ணீரை விரும்பாதவை, துளைகளுக்குள் காற்று மாட்டிக்கொண்டால் தண்ணீர் தானாக உள்ளே நுழையாது. 1994இல் அந்தோனியோஸ் மைகோஸின் குழு இதற்கொரு வழியைப் பிரசுரித்தது: முதலில் எதனோலில் நனைத்து, பிறகு எதனோலைத் தண்ணீரால் மாற்றுவது. இன்றைக்கும் அதைவிட லேசான வழி இல்லை.

செய்கிற விதம் இப்படி. பெரிய ஊசிக்குழாய் ஒன்றின் தண்டைக் கழற்றி, துண்டை உள்ளே போட்டு, எதனோல் ஊற்றி, தண்டைத் திரும்பச் செருகி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். நுனியைக் கையுறை போட்ட விரலால் அடைத்துக்கொண்டு தண்டை மெதுவாக வெளியே இழுங்கள். துண்டின் பக்கங்களிலிருந்து குமிழி வரிசை வரிசையாக வெளியே வரும். விரலை எடுத்ததும் எதனோல் அந்த இடத்துக்குப் புகுந்துவிடும். குமிழி நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்தால் துண்டு நிறம் மாறும், வெள்ளையாக இருந்தது லேசாகக் கண்ணாடி மாதிரி ஆகி அடியில் போய் உட்காரும். அந்த நிமிடத்திலிருந்து கலம் போடும் வரை அதைக் காய விடவே கூடாது. ஒருமுறை காய்ந்தால் காற்று திரும்பவும் உள்ளே வந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பி.சி.எல் என்றால் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் கொஞ்ச நேரம் வைத்து மேற்பரப்பைக் கரடாக்குவதும் உண்டு. பி.எல்.ஜி.ஏக்கு இதைச் செய்யும்போது மிகக் கவனம், அது வேகமாகச் சிதையும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் தண்ணீரை ஏற்காவிட்டால், அந்தப் பக்கத்தில் தோல் இருக்கிறது.

ஒரு பக்கம் பளபளப்பாக, துளையே இல்லாமல் இருக்கிறது

பால் ஆறும்போது மேலே ஆடை படிகிற மாதிரி, கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பில் பல்பகுதியம் சேர்ந்து ஒரு தோல் கட்டுகிறது. கரைசல் ஐதாக இருந்தால் உப்பு அடியில் இறங்கிவிடும், மேலே பல்பகுதியம் மட்டும் மிஞ்சும், அதுவும் தோல்தான். கரைசலைக் கொஞ்சம் தடிப்பாக்குங்கள், உப்பின் மட்டத்துக்கு மேல் திரவம் நிற்காத அளவுக்கு ஊற்றுங்கள், மேலே இன்னும் கொஞ்சம் உப்புத் தூவி, மூடியைப் பாதி திறந்து மெதுவாக ஆவியாக விடுங்கள். ஏற்கெனவே தோல் வந்துவிட்டதென்றால் புதிய பிளேடால் இரு பக்கமும் மெல்லியதாகச் சீவி எறிந்துவிடுங்கள், தயங்க வேண்டாம். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக ஊற்றுவதை இந்த முறையில் முயலாமல் இருப்பதே நல்லது.

சீவும்போது ஒரு விஷயம்: பி.சி.எல் மென்மையான பொருள், பிளேடு துளைகளை நசுக்கி மெழுகி விடும், நுணுக்குக்காட்டியில் பார்த்தால் துளையே இல்லை என்று தோன்றும். உள்ளே பார்க்க வேண்டுமானால் திரவ நைதரசனில் போட்டு உடையுங்கள். −60 பாகைக்குக் கீழே அது கண்ணாடி போல் நொறுங்கும், உடைந்த முகத்தில் துளைகள் உள்ளபடி தெரியும்.

மழை மாதத்தில் மட்டும் துண்டு வேறு மாதிரி வருகிறது

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம்முடைய பக்கத்துப் பிரச்சினை இதுதான்.

உப்பு 75 சதவீத ஈரப்பதன் அளவைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, காற்று அந்த அளவைத் தாண்டி நிற்கும் நாட்கள் ஏராளம், கண்டியிலும் பேராதனையிலும் விடியற்காலையில் அப்படித்தான். 250க்கும் 425க்கும் இடைப்பட்ட மைக்ரோமீற்றரில் சலித்து வைத்த உப்பு, மூடி சரியாக இறுக்காத போத்தலில் இரண்டு நாள் இருந்தால் மூலைகள் உருண்டு, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். நீங்கள் அதைக் கரண்டியால் உடைத்துப் போடுகிறீர்கள். துளை ஒரு இடத்தில் பெரிய குகை, இன்னொரு இடத்தில் சின்ன ஓட்டை.

உப்பை 105 பாகை அடுப்பில் ஓர் இரவு காயவையுங்கள், சூடு ஆறுவதற்குள் சலியுங்கள், சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தியில் வையுங்கள். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், இளஞ்சிவப்பானால் அதுவும் அடுப்புக்குப் போக வேண்டும். கடை உப்பு வேண்டாம், அதில் அயடீனும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்த்ததும் இருக்கும்.

இதே ஈரத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிற முறை ஒன்றும் இருக்கிறது. உப்பு மணிகளை 95 சதவீத ஈரப்பதனில் 37 பாகையில் அளவான நேரம் வைத்து, அவை தொடும் இடங்களில் மட்டும் லேசாக ஒட்டும்படி செய்து, அதன் மேல் பல்பகுதியத்தை ஊற்றுவது. ஒட்டிய இடங்களெல்லாம் பின்னர் துளைக்குத் துளை வாசலாகும். ஆனால் அது நேரத்தை அளந்து, எல்லாத் தொகுதிக்கும் ஒரே மாதிரி செய்வது. மூடி திறந்து கிடந்த போத்தலில் தானாக நடப்பதை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அடுத்த தொகுதியில் அது திரும்ப வராது.

ஈரம் கெடுக்கும் இரண்டாவது இடம் ஊற்றிய பிறகு. டைகுளோரோமெதேன் 40 பாகையில் கொதிக்கிற திரவம், ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லென்று குளிர்ந்துவிடும், காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகப் படியும். படிந்த துளிகள் பதிந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாகி, துண்டு பால் வெள்ளையாகும். அந்தத் துளைகள் உப்பு தந்தவை அல்ல, உங்கள் அளவீட்டையும் குழப்பிவிடும். மழை நாளில் குளோரோபோமுக்கு மாறுங்கள், அது 61 பாகையில் கொதிப்பது, மெதுவாகப் போகும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூட்டுக்குள்ளேயே, உலர் நைதரசன் லேசாக ஓடும் மூடிய பெட்டியில் ஆவியாக விட முடிந்தால் இன்னும் நல்லது. கரைப்பான் வாசனை வெளியே வரக் கூடாது என்று யன்னலைச் சாத்திவிட்டு அறையில் வைப்பது மட்டும் கட்டாயம் கூடாது.

கணித்த துளைவீதம் வரவில்லை

உப்பு 90 சதவீதம் போட்டால் துளையும் 90 சதவீதம் என்று பலர் அறிக்கையில் எழுதுகிறார்கள். அது திணிவுச் சதவீதம். உப்பின் அடர்த்தி 2.17, பி.சி.எல்லின் அடர்த்தி ஏறக்குறைய 1.145. கனவளவுக்கு மாற்றினால் 90க்கு 83 சதவீதம்தான் வரும், 91 வேண்டுமானால் உப்பு 95 சதவீதம் போட வேண்டும். உங்கள் 83 பிழை இல்லை, கணக்கைத் திருத்தினால் போதும்.

தொட்டால் உதிர்கிறது

உப்பு அதிகம், அல்லது பல்பகுதியத்தின் மூலக்கூற்றுத் திணிவு குறைவு, அல்லது கழுவும்போது கிளறுகோலை வேகமாக ஓடவிட்டது. முதலாவதைச் சந்தேகித்து உப்பைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள், 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மணிகள் ஒன்றையொன்று தொடாமல் போய் உப்பு உள்ளேயே அடைபடும்.

காய்ந்ததும் சுருங்கிவிட்டது, அல்லது கிருமி நீக்கியதும் உருகிவிட்டது

பி.சி.எல் 60 பாகையில் உருகும். 121 பாகை ஓட்டோகிளேவுக்குள் போட்டால் என்ன வரும் என்று சொல்லவே வேண்டாம். பி.எல்.ஜி.ஏ உருகாது போலத் தெரியும், ஆனால் 45 முதல் 55 பாகைக்குள் அது இளகும், நனைந்திருக்கும்போது அந்த எல்லை இன்னும் பத்துப் பதினைந்து பாகை இறங்கும். ஆகவே ஈரத் துண்டை 37 பாகை அடுப்பில் காய வைத்தாலே துளைச்சுவர் சாய்ந்துவிடும். கழுவுவதை அறை வெப்பநிலையில் செய்யுங்கள், காய வைப்பதை உறைய வைத்து வெற்றிடத்தில் செய்யுங்கள்.

தட்டில் வளர்க்கும் வேலைக்கு 70 சதவீத எதனோல் போதும், ஆனால் அது பற்றீரியா வித்திகளைக் கொல்லாது. யூ.வி விளக்கு படும் முகத்தை மட்டும் பார்க்கும், துளைக்குள் போகாது. விலங்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் எதிலீன் ஒட்சைட்டு வாயு அல்லது காமாக் கதிர். காமாவின் வழக்கமான 25 கிலோகிரே பல்பகுதியச் சங்கிலிகளை வெட்டும் என்பதால், முன்பும் பின்பும் மூலக்கூற்றுத் திணிவை அளக்க வேண்டும்.

உயரமான இடத்தில் வேலை செய்கிறவர்கள் பி.பி.எஸ்ஸையும் கருவிகளையும் ஓட்டோகிளேவ் செய்யும்போது அமுக்கமானியை நம்பாமல் வெப்பநிலையைப் பாருங்கள். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர், அங்கே 15 இறாத்தல் காட்டும்போது உள்ளே 118 பாகையளவுதான் இருக்கும், 121 வேண்டுமானால் 18 இறாத்தல் வரை ஏற்ற வேண்டும். கருவி அதைத் தாங்குமா என்பதை அதன் தகட்டில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், தாங்காவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள்.

வெளியே கலம், உள்ளே வெறுமை

முதலில் துளைகள் இணைந்திருக்கின்றனவா என்று சாயம் விட்டுப் பாருங்கள். நனைத்த துண்டின் மேல் ஒரு சொட்டு, அடியில் வடிதாள். சாயம் தாளுக்கு வராவிட்டால் கலமும் வராது.

வந்தால், கலம் போட்ட விதத்தைப் பாருங்கள். வளர்ப்புத் தட்டின் கிணறு நிறைய ஊடகம் ஊற்றி அதில் கலத்தைக் கலந்தால் பாதிக்கு மேல் தட்டின் அடியில் போய் ஒட்டும். ஊறிய துண்டின் மேல் படிந்திருக்கும் ஊடகத்தை மட்டும் வடிதாளால் ஒற்றியெடுத்து, செறிவான கலக் கரைசலை 20 முதல் 50 மைக்ரோலீற்றர் அளவில் மெதுவாக விட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்துவிட்டுப் பிறகு மிச்ச ஊடகத்தை ஊற்றுங்கள். துண்டைச் சுற்றிக் கொஞ்சம் பி.பி.எஸ் விட்டு வையுங்கள், அந்த நேரத்தில் அது காயக் கூடாது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு கிழமை கழித்து நடுப்பகுதி செத்திருந்தால் அது ஒட்சிசன். உடலில் பெரும்பாலான கலங்கள் ஏதாவதொரு மயிர்த்துளைக் குழாயிலிருந்து 100, 200 மைக்ரோமீற்றருக்குள்தான் வாழ்கின்றன. அசையாத ஊடகத்தில் கிடக்கும் தடித்த துண்டுக்குள் வெளிப்புறக் கலங்களே ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடும். துண்டை மெல்லியதாக்குங்கள், அல்லது ஊடகம் துளைகளூடாக ஓடும்படி செய்யுங்கள்.  நுவரெலியா உயரத்தில் காற்றமுக்கம் கடல் மட்டத்தின் ஐந்தில் நாலளவு என்பதால் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு, காபனீரொட்சைட்டும் அப்படியே. கருவி 5 சதவீதம் காட்டினாலும் ஊடகத்தின் பி.எச் கிட்டத்தட்ட 0.1 ஏறி நிற்கும், 6 சதவீதமளவுக்குக் கூட்டினால் சரிவரும். பேராதனையில் இந்த வித்தியாசம் கவனிக்கத் தேவையில்லாத அளவு சிறியது.

ஊடகம் மஞ்சளாகிறது

முதல் இரண்டு மூன்று நாளில் மஞ்சளானால் பல்பகுதியத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். கலங்கியிருக்கிறதா பாருங்கள், கலங்கியிருந்தால் பற்றீரியா. இரண்டு மூன்று நாள் கிருமி நீக்காத தண்ணீரில் கழுவுகிற முறை இது, அங்கேயே அவை வளர்ந்திருக்கும். எதனோல் அவற்றைக் கொன்றாலும் எண்டொடொக்சின் என்ற அவற்றின் நச்சு துண்டிலேயே இருக்கும். கழுவும் தண்ணீரையும் கிருமி நீக்கிப் பயன்படுத்துங்கள்.

கிழமைகள் கழித்துத் தெளிவாகவே மஞ்சளானால், பி.எல்.ஜி.ஏ என்றால், நீர்ப்பகுப்பில் இலற்றிக், கிளைக்கோலிக் அமிலங்கள் வெளியேறுகின்றன. இலற்றிக்கும் கிளைக்கோலிக்கும் 50:50 சேர்ந்த வகை ஒன்று இரண்டு மாதத்தில் சிதைவது, 85:15 ஐந்தாறு மாதம் நிற்பது. தடித்த துண்டுக்குள் அமிலம் வெளியேற முடியாமல் தேங்கி, அதுவே சிதைவை இன்னும் வேகமாக்கும், வெளியே உறுதியாகத் தெரியும் துண்டு உள்ளே கூழாகியிருக்கும். ஊடகத்தை அடிக்கடி மாற்றுங்கள், நீண்ட பரிசோதனைக்கு 85:15 எடுங்கள். பி.சி.எல் இரண்டு மூன்று வருடம் எடுப்பது, அதில் மஞ்சளானால் கலம் நிறைந்துவிட்டது அல்லது கிருமி, வேறு காரணம் தேட வேண்டாம்.

எம்.டி.டி ஒன்று சொல்கிறது, நுணுக்குக்காட்டி வேறொன்று காட்டுகிறது

நுணுக்குக்காட்டியை நம்புங்கள். எம்.டி.டி என்பது உயிருள்ள கலங்கள் உண்டாக்கும் ஊதாநிறப் பளிங்கைக் கரைத்து அளக்கும் சோதனை, அந்தப் பளிங்கு துளைகளுக்குள் மாட்டி முழுக்க வெளியே வருவதில்லை. பளிங்கைக் கரைக்க வழக்கமாக விடும் டி.எம்.எஸ்.ஓவில் பி.எல்.ஜி.ஏ கரையவும் செய்யும், அதனால் ஐசோபுரொப்பனோல் எடுங்கள். கலம் போடாத துண்டு ஒன்றையும் கட்டாயம் கூடவே ஓட்டுங்கள். முடிந்தால் டி.என்.ஏ அளவை எடுங்கள், முப்பரிமாணத் துண்டுக்கு அதுவே நம்பகமானது.

போன மாதம் வேலை செய்த துண்டு இந்த மாதம் வேலை செய்யவில்லை

பி.எல்.ஜி.ஏ காற்றின் ஈரத்திலேயே மெதுவாகச் சிதையும், மேசை இலாச்சிக்குள் ஒரு மழைக்காலம் இருந்த துண்டு பழைய துண்டு இல்லை. சிலிக்கா ஜெல்லோடு பையில் அடைத்து −20 பாகையில் வையுங்கள். எடுக்கும்போது பையைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருங்கள், அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த துண்டின் மேல் காற்றின் ஈரம் முழுக்கப் படியும். பையின் மேல் தயாரித்த திகதி, பல்பகுதியத்தின் தொகுதி இலக்கம், காய்ந்த நிறை, அன்றைய ஈரப்பதன் நாலையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை, மே மாதத் தொகுதியும் பெப்ரவரித் தொகுதியும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடும்போது முதலில் தேவைப்படுவது அந்த எண்தான்.